எங்கள் ஊர்த் தவறணையை மூடியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுவரி அனுமதிகளை வழங்கவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றவர்களுக்கும், திருகோணமலைக் கரையோரத்தின் சுற்றுலாத் திட்டங்களைத் தீர்மானிப்பவர்களுக்கும்,

மூதூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரின் கள்ளுத் தவறணை, அதாவது எங்கள் சங்கத்தின் கள்ளுக்கடை, மூடப்பட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்துத் தருமாறு எங்கள் கூட்டுறவுச் சங்கம் கொடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டே வரிகளில் பதில் வந்தது. புதுப்பிக்க இயலாது என்பது முதல் வரி. பிரதேசத்தின் எதிர்கால அபிவிருத்திக்கு அது பொருந்தாது என்பது இரண்டாவது வரி. அந்த இரண்டு வரிகளும் சிங்களத்தில் மட்டுமே இருந்தபடியால், சங்கத்தின் தலைவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திருகோணமலைக்குப் போய், தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் கேட்டுவிட்டுத்தான் வந்து எங்களுக்குச் சொன்னார்.

அப்போது நாங்கள் மௌனமாக இருந்தோம். கடந்த மாதம் நிலாவெளியில் நடந்த ஒரு கலந்துரையாடலுக்குப் பிறகு அந்த மௌனத்தைத் தொடர என்னால் முடியவில்லை. சங்கத்தின் கணக்குகளை ஒன்பது ஆண்டுகளாக எழுதி வருபவள் என்ற முறையில் அந்தக் கூட்டத்துக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடைப்பட்ட கடற்கரையில், பியரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே நொதிக்க வைத்து, அங்கேயே குவளையில் ஊற்றிக் கொடுக்கும் ஒரு சிறு பியர்க்கூடம் அமைக்கும் யோசனை அங்கே படங்களுடன் விளக்கப்பட்டது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செப்புநிறத் தாங்கிகள் வரிசையாக நின்றன. உலகெங்கும் கிராஃப்ட் பியர் என்று பெயர்பெற்ற இந்த முறை சிறு தொழில் என்றும், உள்ளூர் உற்பத்தி என்றும், கைவினை என்றும் விளக்கியவர் சொன்னார். வந்திருந்த அதிகாரிகள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டனர். ஆதரவாகச் சட்டத்தில் என்ன மாற்றம் செய்யலாம் என்றும் பேசப்பட்டது.

நான் எழுந்து எங்கள் தவறணையின் நிலையைக் கேட்டேன். "அது வேறு விடயம், அம்மா. கள்ளைச் சுற்றுலாவோடு சேர்க்க வேண்டாம்" என்று ஓர் அதிகாரி மரியாதையாகவே பதில் சொன்னார். பதில் சொன்னவரின் பெயரையோ அவருடைய அலுவலகத்தையோ நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை, ஏனென்றால் அந்தக் கருத்து அவர் ஒருவருடையது என்று நான் நினைக்கவில்லை. அது வேறு விடயமே அல்ல என்று காட்டுவதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

என் அப்பா நாற்பது ஆண்டுகள் பனை ஏறியவர். விடியற்காலையில், கருக்கல் முழுதாக விலகுமுன்பே, தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, பாளைக்கத்தியை இடுப்புக் கூட்டில் செருகி, கள் சேர்க்கும் வெறும் மண்முட்டி ஒன்றைத் தோளில் தொங்கவிட்டு ஏறுவார். பனையின் பூங்குலையான பாளையை நாள்கணக்கில் நசுக்கித் தட்டிக் கட்டிப் பக்குவப்படுத்தி, அதன் பிறகு காலையும் மாலையும் அதன் நுனியில் காகிதத்தைப் போன்ற மெல்லிய சீவல் ஒன்றை எடுக்க வேண்டும். சீவல் தடித்தால் பாளை வீணாகும், மெலிந்தால் சாறு வராது. எவ்வளவு சீவ வேண்டும் என்பது கைக்கு மட்டுமே தெரியும். அவருடைய நெஞ்சிலும் முழங்காலின் உட்புறத்திலும் மரத்தோடு உராய்ந்து காய்த்த தோல் மாட்டுத்தோலைப் போல இருந்தது. சிறுமியாக இருந்தபோது நான் மரத்தடியில் நின்று அவர் இறக்கும் முட்டியை வாங்குவேன். நுரை பொங்கி வழியும், அதற்குள் இரண்டு மூன்று தேனீக்கள் மூழ்கிக் கிடக்கும், காதை வைத்துக் கேட்டால் உள்ளே மெல்லிய இரைச்சல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல்தான் நொதித்தல் என்பதைப் பின்னாளில் பள்ளிக்கூடத்தில் படித்தேன்.

பியர்க்கூடத்தில் நடப்பதும் அதே காரியம்தான். முளைவிட்டு உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பான சாற்றை எடுக்கிறார்கள், அதை ஹொப்ஸ் பூவோடு கொதிக்க வைத்து ஆற்றுகிறார்கள், ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள், அது இனிப்பைத் தின்று மதுசாரமாகவும் நுரையாகவும் மாற்றுகிறது. பனையில் இனிப்பான சாற்றை மரம் தருகிறது, ஈஸ்ட்டைக் காற்றும் முட்டியின் உட்சுவரும் தருகின்றன. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காத கருப்பணி, பூசாவிட்டால் கள். கள்ளில் உள்ள மதுசாரம் ஏறக்குறைய 5 வீதம், சாதாரண பியரின் அளவுதான். ஒரு நாள் தாண்டினால் கள் புளித்து வினாகிரியின் பக்கம் போய்விடும். ஆகவே அதை இறக்கிய ஊரிலேயே, இறக்கிய அன்றே, இறக்கியவனை அறிந்தவர்களுக்கே விற்றாக வேண்டும். செய்த இடத்திலேயே பரிமாறுவதுதான் பியர்க்கூடத்தின் சிறப்பு என்று நிலாவெளிக் கூட்டத்தில் சொன்னார்கள். எங்கள் தவறணையில் அது இயற்கையின் கட்டாயம். வீட்டில் அரிசியால் காய்ச்சிய மதுவுக்குத் தோப்பி என்றும், தெளிந்த மதுவுக்குத் தேறல் என்றும் தனித்தனிப் பெயர்களை வைத்திருந்த மொழி எங்களுடையது. சிறு அளவில், கைப்பக்குவத்தில் மது செய்வது எங்களுக்கு வெளியிலிருந்து வந்த புதுமை அன்று.

நான் பியர்க்கூடத்துக்கு எதிரானவள் அல்லள். சிறு உற்பத்தியாளர்கள் எந்த நாட்டில் தலையெடுத்தாலும், அங்கே முதலில் பெரிய உற்பத்தியாளர்களுக்காகவே எழுதப்பட்ட ஒரு சட்டத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஜப்பானில் ஆண்டுக்கு 20 இலட்சம் லீற்றருக்குக் குறைவாகக் காய்ச்சுபவருக்குப் பியர் உரிமமே கிடையாது என்ற நிலை 1994 வரை இருந்தது. அந்த ஆண்டில் எல்லையை 60,000 லீற்றராகக் குறைத்தபோதுதான், உள்ளூர்ப் பியர் என்று பொருள்படும் ஜிபீரு ஊர் ஊராகப் பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் வீட்டில் பியர் காய்ச்சுவதைச் சட்டபூர்வமாக்கிய பிறகு, நூறுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த பியர் ஆலைகள் நாற்பது ஆண்டுகளுக்குள் பல ஆயிரமாகப் பெருகின. பிரித்தானியா 2002 இல், ஆண்டுக்கு 5 இலட்சம் லீற்றருக்கு மேற்படாமல் காய்ச்சுபவர்களுக்கு மதுவரியைப் பாதியாக்கியது. எந்த நாட்டிலும் சிறியவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே அளவுகோலை வைத்துவிட்டுச் சிறியவன் வளர்வான் என்று எதிர்பார்க்கவில்லை.

இதே நாட்டில், நுவரெலியாவின் ஊற்றுநீரை நம்பிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய பியர்த் தொழில் பின்னர் பியகமவின் பெரிய ஆலைக்கு இடம்பெயர்ந்தது. அதுபோன்ற ஆலைகளை மனத்தில் வைத்து வளர்ந்த அனுமதி முறைகளும் கட்டணங்களும் ஒரு சிறு பியர்க்கூடத்துக்குப் பொருந்தாது என்று கூட்டத்தில் சொன்னவர் சரியாகவே சொன்னார். அந்த நியாயம் ஆறு பேர் பனை ஏறும் எங்கள் சங்கத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்? 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழேதான் எங்கள் தவறணையும் வருகிறது, நாளை வரப்போகும் பியர்க்கூடமும் வருகிறது. அந்தப் பழைய சட்டத்தில் ஒரு சாளரத்தைத் திறக்கும்போது, அதன் வழியாக வரும் காற்றும் வெளிச்சமும் எங்கள் பக்கமும் விழ வேண்டும் என்றே கேட்கிறேன்.

தமிழ்நாட்டின் அனுபவத்தையும் நீங்கள் அறிவீர்கள். அங்கே 1987 ஜனவரியில் கள் தடைசெய்யப்பட்டது. ஆலைகளில் செய்யப்படும் சாராய வகைகளும் பியரும் அரசின் கடைகளிலேயே இன்று விற்கப்படுகின்றன, பனை ஏறியவர்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். பக்கத்திலுள்ள கேரளத்திலோ கள்ளுக்கடைகள் உரிமத்துடன் இயங்குகின்றன, அங்கு மீன் குழம்புக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் பெயர்பெற்ற கள்ளுக்கடைகளைத் தேடி வெளிநாட்டுப் பயணிகள் போகிறார்கள். சுற்றுலாவோடு கள்ளைச் சேர்க்கக் கூடாது என்ற கருத்துக்கு அதைவிட நேரான மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இந்த மடல் முழுமையடையாது. 2006 ஏப்ரலில் யுத்தத்தால் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். பட்டித்திடலிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் ஆண்டுகள் போயின. 2016 இல் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, வேலியின் தடயமும் இல்லை. காணியின் எல்லையை அப்பா பனைகளை வைத்துத்தான் அடையாளம் காட்டினார். நின்றவை அவர் எண்ணி வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. ஒரு பனை பாளைவிட ஏறக்குறைய இருபது ஆண்டு வேண்டும், ஆகவே இழந்ததை அவர் காலத்தில் திரும்பப் பெற முடியாது. இருந்தும் மிஞ்சிய பனைகளைக் கொண்டு அடுத்த ஆண்டே சங்கத்தை மறுபடியும் தொடங்கினோம். நிவாரண அரிசியை நம்பியிராமல் ஊரில் முதன்முதலாக உழைப்பால் வந்த காசு அந்தத் தவறணையின் காசு. உறுப்பினர் பதினொருவர் இருந்தார்கள், இன்று ஆறு பேர் மட்டுமே ஏறுகிறார்கள். மற்ற ஐவரில் இருவர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள். தவறணை மூடிக் கிடக்கும் ஒவ்வொரு பருவமும் இந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகிறது. ஏறத் தெரிந்தவர் ஒருவர் ஊரை விட்டுப் போனால் அவருடைய கைப்பழக்கமும் அவரோடேயே போய்விடுகிறது, அதை எந்தப் பயிற்சி நிலையமும் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியாது.

தவறணையை மூடினால் ஊரில் குடி குறையும் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். குடியால் வரும் துன்பத்தை நான் அறியாதவள் அல்லள், ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் அக்காவின் கணவர் கூலி வேலை செய்பவர். தவறணை இருந்த காலத்தில் அத்தான் மாலையில் போய் ஒரு போத்தல் கள் குடிப்பார், சில நாட்களில் இரண்டு. அங்கே பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுப்பவர் அவருக்கு மாமன் முறை. இரண்டுக்கு மேல் கேட்டால் "வீட்டுக்குப் போ தம்பி" என்று அனுப்பிவிடுவார், அடுத்த நாள் அக்காவிடமும் சொல்லிவிடுவார். பொழுது சாய்ந்ததும் கடை மூடிவிடும், ஏனென்றால் விற்பதற்கு அதற்கு மேல் கள் இருக்காது. தவறணை மூடிய மூன்றாம் மாதத்தில் பற்றைக்குள் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் வந்தது. வெட்டிய பிளாஸ்டிக் கலன்களில் வைத்து இரவிலும் விற்கிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. கடந்த பங்குனியில் அத்தானைக் கண் மங்கிய நிலையில் மூதூருக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார், ஆனால் இடது கண்ணின் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அக்கா இப்போது என்னிடம், "கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்லி எழுது" என்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன்பு தவறணை வேண்டாம் என்று சங்கத்துக்கு வந்து சண்டை பிடித்தவள் அவள்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, ஊரில் மது இருக்குமா இருக்காதா என்பதை உங்கள் கையொப்பம் தீர்மானிப்பதில்லை. எந்த மது, யாருடைய கையால், யாருடைய கண்முன்னால் என்பதையே அது தீர்மானிக்கிறது. கட்டணம் செலுத்தி நகரத்தில் அனுமதி பெற்ற கடைகள் பெருகுவதும் எங்கள் கண்முன்னாலேயே நடக்கிறது. மதுபான அனுமதிகள் யாருக்கு எப்படி வழங்கப்பட்டன என்ற கேள்வி 2024 இல் நாடாளுமன்றம் வரை சென்று அங்கே பட்டியலும் சமர்ப்பிக்கப்பட்டதை நாடே பார்த்தது. அந்தப் பின்னணியில், இரண்டு வரி மறுப்பைக் காரணம் கேளாமல் ஏற்றுக்கொள்ளுமாறு எங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

தரத்தைப் பற்றியும் வாய்மொழியாக எங்களிடம் சொல்லப்பட்டது. கள்ளில் சீனி கலக்கிறார்கள், கள்ளே இல்லாமல் சீனித் தண்ணீரை நொதிக்க வைத்து விற்கிறார்கள் என்பது உண்மை, அந்தப் போலிக் கள்ளை எதிர்ப்பதில் உங்களைவிட எங்களுக்கே அக்கறை அதிகம், ஏனென்றால் அது பனை ஏறுபவனின் வயிற்றில் அடிக்கிறது. ஆனால் போலி உருவாவது மரத்துக்கும் கடைக்கும் இடையே தூரம் கூடும்போதுதான். எங்கள் தவறணையில் ஒவ்வொருவர் இறக்கும் கள்ளும் அவரவர் பெயரில் காலை, மாலை என்று அளந்து எழுதப்பட்டது. யாருடைய மரம் எத்தனை போத்தல் தரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் ஒரு போத்தல் கூடினாலும் கேள்வி எழும். விற்காமல் மிஞ்சியதை வினாகிரிக்கு விட்டோம். அந்தப் பதிவேடுகள் ஏழும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் அனுப்பும் எவருக்கும் அவற்றைக் காட்டுவேன்.

இனி, பியர்க்கூடம் அமையவிருக்கும் இடத்தைப் பற்றி. இதில் எங்கள் ஊரின் நலனைத் தாண்டி நிலாவெளி மக்களுக்காகவும் பேச வேண்டியிருக்கிறது. நிலாவெளியில் நிலத்தடி நீர் என்பது மணலுக்குள், உப்புநீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். மாரியில் அது தடிக்கும், கோடையில் மெலியும். அளவுக்கு மேல் இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறும். ஒரு லீற்றர் பியருக்குப் பல லீற்றர் நீர் தேவை, பெரும்பகுதி தாங்கிகளைக் கழுவவும் ஆற்றவும் போகும். சிக்கனமான பெரிய ஆலைகளே நான்கு லீற்றர் வரை செலவிடுகின்றன, சிறு கூடங்களில் அது அதைவிட அதிகமாகவே இருக்கும். 500 லீற்றர் பியரை ஒரு முறை காய்ச்ச ஆறு மடங்கு நீர் என்று வைத்தாலும் 3,000 லீற்றர் ஆகிறது. சித்திரை முதல் புரட்டாதி வரைதான் இங்கே சுற்றுலாப் பருவம். பியர் அதிகம் விற்கும் மாதங்களும் கிணறுகள் மிகக் கீழே போகும் மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன.

கழிவும் அப்படியே. 500 லீற்றர் பியருக்கு 100 கிலோ அளவில் மோல்ட், அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லி, வேண்டும், அதிலிருந்து ஏறக்குறைய அதே எடைக்கு ஈரச் சக்கை மிஞ்சும். அது மாட்டுக்கு நல்ல தீவனம். இந்த வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் நாறிப்போகும். கழுவிய நீரில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்திருக்கும். கழிவுக் குழாய் வசதி இல்லாத கரையோரத்தில் அதை மணலில் விட்டால் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போகும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் கீழான அனுமதிப்பத்திரமும் இதற்காகத்தான் இருக்கின்றன. இந்தக் கேள்விகளில் ஒன்றையும் அன்றைய கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. கள்ளுக்குக் கிணற்றிலிருந்து முட்டி கழுவும் நீர் போதும், இறக்குமதிப் பார்லியும் ஹொப்ஸும் வேண்டாம், இரவு பகலாகக் குளிரூட்டும் இயந்திரமும் வேண்டாம். 2022 இல் டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோதும் எங்கள் பனை வழக்கம் போலக் கள் தந்தது. இதைச் சொல்வது பியர்க்கூடத்தை மறுக்கும் நோக்கத்தில் அன்று. கைவினை, உள்ளூர் உற்பத்தி என்ற அளவுகோலைக் கொண்டு அளப்பதானால் இரண்டையும் ஒரே கோலால் அளந்து பாருங்கள்.

கிராஃப்ட் பியர் உலகமும் இப்போது தளர்ந்திருக்கிறது என்பதையும் கவனத்தில் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த இயக்கத்துக்கு முன்னோடியாகக் கருதப்பட்ட சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 2023 இல் மூடப்பட்டது. 2024 இல் அங்கே புதிதாகத் திறக்கப்பட்ட சிறு ஆலைகளைவிட மூடப்பட்டவை அதிகம். ஒரு பருவத்தின் சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பிப் பெரும் முதலீட்டில் எழும் கூடம் இரண்டாம் ஆண்டில் தடுமாறினால், அந்தக் கட்டடத்தில் நாளை என்ன விற்கப்படும் என்பதையும் இன்றே யோசிக்க வேண்டும்.

பெண்கள் தொடர்பான ஒரு விடயமும் உண்டு. 1979 ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று, பெண்களுக்கு மது விற்பதையும், அனுமதியின்றி மதுக்கடைகளில் பெண்களை வேலைக்கு அமர்த்துவதையும் தடுக்கிறது. 2018 ஜனவரியில் அது நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பியர்க்கூடத்தின் படங்களில் குவளை ஏந்தியவர்களில் பாதிப்பேர் பெண்கள், பரிமாறியவரும் பெண். ஒன்பது ஆண்டுகளாகக் கள்ளின் கணக்கை எழுதும் நான் தவறணையின் கருமபீடத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றதில்லை. கணவனை யுத்தத்தில் இழந்த இரண்டு பெண்கள் எங்கள் சங்கத்தில் கருப்பணி காய்ச்சுகிறார்கள், அவர்களுக்கும் அந்த வேலையைக் கொடுக்க எங்களால் முடியவில்லை. கடற்கரையில் நடைமுறைக்கு வராத விதி எங்கள் ஊரில் மட்டும் ஏன் கண்டிப்பாக இருக்க வேண்டும்?

ஆகவே நான் கேட்பவற்றைத் தெளிவாக எழுதுகிறேன்.

எங்கள் விண்ணப்பம் ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கான காரணத்தை, எந்த விதியின் கீழ் என்ற விபரத்துடன், தமிழில் எழுத்து மூலம் தாருங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் கொடுத்த கோரிக்கையும் உங்கள் மேசையில் இருக்கிறது.

தை பிறந்து பாளை வரத் தொடங்குமுன் எங்கள் தவறணைக்கு, ஒரு பருவத்துக்கேனும், தற்காலிக அனுமதி வழங்குங்கள். பதிவேட்டையும் கள்ளின் தரத்தையும் முன்னறிவித்தல் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பரிசோதியுங்கள். விற்பனை நேரத்தைக் குறைக்க விரும்பினால் குறையுங்கள், நாங்கள் அதற்கு உடன்படுகிறோம். அதே வேளையில் ஊரில் விற்கும் கசிப்பைத் தடுக்க நடவடிக்கை எடுங்கள்.

சிறு பியர் உற்பத்தியாளர்களுக்கென்று புதிய அனுமதி வகை ஒன்று எழுதப்படுமானால், பனை, தென்னங் கள்ளை இறக்கி அந்த இடத்திலேயே விற்கும் சங்கங்களையும் அதே வகைக்குள் சேருங்கள். கட்டணத்தை உற்பத்தியின் அளவுக்கேற்ப வையுங்கள். அந்த வரைவை எழுதும் குழுவில் பனை ஏறும் ஒருவரும், தென்னை சீவும் ஒருவரும் உட்காரட்டும்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு அன்றன்றைய கள்ளையும் கருப்பணியையும் கொடுக்க எங்களை அனுமதியுங்கள். பனையின் பருவமும் சுற்றுலாப் பருவமும் சித்திரையிலும் வைகாசியிலும் ஒன்றாக வருகின்றன, எஞ்சிய மாதங்களில் தென்னங் கள் இருக்கும். எங்கள் ஊரிலிருந்து குளிர்ப்பெட்டியில் வைத்து வீதி வழியாகக் காலை பத்து மணிக்குள் கொண்டுவந்து சேர்க்க முடியும், அதை ஒரு முறை செய்தும் பார்த்திருக்கிறோம்.

நிலாவெளிப் பியர்க்கூடத்துக்கு அனுமதி வழங்குமுன், அது நாளொன்றுக்கு எவ்வளவு நீரை எங்கிருந்து எடுக்கும், கழிவுநீர் எங்கே போகும், சக்கையை யார் எடுப்பார் என்பவற்றை எழுதிப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். சுற்றியுள்ள கிணற்றுக்காரர்களையும் கரைவலைக்காரர்களையும் அழைத்துக் கேளுங்கள். சக்கையை மூதூர்ப் பக்கத்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதை அனுமதியின் நிபந்தனையாக்குங்கள்.

1979 இன் அறிவித்தலைக் கடற்கரைக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே விதமாக நடைமுறைப்படுத்துங்கள், அல்லது நீக்குங்கள்.

கடைசியாக, நேரில் வாருங்கள். எங்கள் சங்கக் கட்டடத்தில் இருபது பேர் அமர இடம் உண்டு. காலை ஆறு மணிக்கு முன் வந்தால் ஏறுபவர்கள் ஆறு பேரையும் மரத்தடியிலேயே சந்திக்கலாம்.

இப்படிக்கு,
பனை ஏறியவரின் மகள்,
கூட்டுறவுச் சங்கக் கணக்காளர்,
மூதூர் கிழக்கு, திருகோணமலை மாவட்டம்